எந்த டியூபா வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர்ப் பள்ளி பேண்டில் பிள்ளையின் மடியில் டியூபாவை, அதாவது பித்தளைக் காற்று வாத்தியங்களிலேயே பெரியதும் ஆழ்ந்த குரல் கொண்டதுமான கருவியை, வைத்துவிட்டார்கள் என்று விழிக்கும் பெற்றோரும் கேட்கிறார்கள். பல வருஷம் பேண்டின் டியூபாவையே வாசித்துவிட்டு, இப்போது சொந்தமாக ஒன்று வாங்க நினைப்பவர்களும் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். நல்ல ஜெர்மன் டியூபா பத்தாயிரம் யூரோவைத் தாண்டும் என்பதால், பதில்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

எந்தக் கம்பெனி டியூபா சிறந்தது?

இந்தக் கேள்வியைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்தச் சுருதி டியூபா என்று முடிவாக வேண்டும். அது நீங்கள் யாரோடு வாசிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அப்புறம் அளவு, வால்வு வகை (விரலால் அழுத்தினால் காற்றைக் கூடுதல் குழாய் வழியே திருப்பிவிடுவதுதான் வால்வு). கம்பெனி அதற்குப் பிறகுதான். அங்கேயும் ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு டியூபாக்கள் வேறு வேறாக வாசிக்கும். குழாய்களை வளைப்பதும் பற்றவைப்பதும் இன்னும் பெருமளவு கைவேலைதான். எதை எடுத்து ஊதிப் பார்க்கலாம் என்பதற்கு வேண்டுமானால் கம்பெனிப் பெயர் உதவும். எதை வாங்குவது என்பதைக் கையில் இருக்கும் அந்த ஒரு டியூபாதான் சொல்லும்.

பி-பிளாட், சி, ஈ-பிளாட், எஃப் என்று நான்கு இருக்கின்றன. எனக்கு எது?

குழாயின் நீளத்தில்தான் வித்தியாசம். குழாய் நீண்டால் சுருதி இறங்கும். பி-பிளாட் டியூபாவில் சுமார் 18 அடிக் குழாய். சி 16 அடி, ஈ-பிளாட் 13 அடி, எஃப் 12 அடி. முதல் இரண்டும் மிக ஆழத்தில் ஒலிக்கும் கான்ட்ராபாஸ் டியூபாக்கள், அடுத்த இரண்டும் சற்று மேலே ஒலிக்கும் பாஸ் டியூபாக்கள். 1835-இல் பெர்லினில் ராணுவ பேண்டு நடத்துநர் வில்ஹெல்ம் வீப்ரெஹ்ட்டும் கருவி செய்பவரான மோரிட்ஸும் காப்புரிமை வாங்கிய முதல் டியூபா எஃப் சுருதியில், ஐந்து வால்வுகளோடு இருந்தது. பெரிய டியூபாக்கள் அதற்கு அப்புறம் வந்தவை.

ஒவ்வொரு நாடும் தனக்கென்று ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. ஜெர்மன் ஆர்க்கெஸ்ட்ரா வாசிப்பவர்கள் எஃப் டியூபாவையும், வாக்னர், புரூக்னர் போன்ற கனமான இசைக்கு பி-பிளாட்டையும் வைத்திருப்பார்கள். அமெரிக்காவில் பள்ளிகளில் பி-பிளாட், பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்களில் சி. பிரிட்டனில் ஈ-பிளாட்தான் ராஜா. லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் வாசித்த ஜான் ஃபிளெட்சர் ஆர்க்கெஸ்ட்ரா வேலைக்கே ஈ-பிளாட்டை எடுத்து வாசித்துக் காட்டிய பிறகு, அங்கே எஃப் டியூபா பின்னுக்குப் போனது. பித்தளை ஊதுவாத்தியங்களை மட்டும் வைத்த பிரிட்டிஷ் பிராஸ் பேண்டு என்றால் இரண்டு ஈ-பிளாட், இரண்டு பி-பிளாட். அங்கே இந்த நால்வரும் டிரெபிள் கிளெஃபில் (மேல்சுரங்களுக்கான எழுத்து முறை), சின்ன டிரம்பெட் போன்ற கார்னெட் வாசிப்பவரின் அதே விரல் முறையில் வாசிப்பார்கள். கார்னெட்காரர் ஒருவர் டியூபாவுக்கு மாறினால் விரல்களைப் புதிதாகப் பழக வேண்டியதில்லை, உதடும் மூச்சும் பழகினால் போதும்.

ஆகவே பள்ளி பேண்டு, புல்லாங்குழல், கிளாரினெட் போன்றவையும் சேர்ந்த ஊர் விண்ட் பேண்டு என்றால் பி-பிளாட். பிராஸ் பேண்டு என்றால் பேண்டுத் தலைவர் எந்த நாற்காலி காலியாக இருக்கிறது என்கிறாரோ அது. வீட்டில் தனியாகவும் சின்னக் குழுவிலும் வாசிக்க ஒரே ஒரு டியூபாதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால், நான் ஈ-பிளாட்டைத்தான் சொல்வேன். மேலேயும் ஏறும், கீழேயும் இறங்கும், தூக்கிக்கொண்டு மாடிப்படியும் ஏறலாம்.

சி டியூபாவுக்கு மாறினால்தான் பெரிய வாசிப்பாளர் ஆக முடியுமா?

அமெரிக்காவில் ஆர்க்கெஸ்ட்ரா வேலைக்குப் போட்டியிடப் போகிறீர்களா? மாறுங்கள். மற்றபடி அவசியமே இல்லை. ஜெர்மனியிலும் ரஷ்யாவிலும் பெரிய ஆர்க்கெஸ்ட்ராக்கள் பி-பிளாட் டியூபாவோடுதான் காலம் தள்ளுகின்றன. அவர்கள் சத்தத்தில் எந்தக் குறையும் இல்லை.

மூன்று வால்வு போதாதா? நான்காவதற்கு ஏன் இவ்வளவு காசு?

இது கொஞ்சம் கணக்கு. ஆனால் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்லும் பாதி விஷயம் தானாகவே விளங்கும்.

முதல் வால்வு சுரத்தை இரண்டு அரைச்சுரம் இறக்கும், மூன்றாவது மூன்று அரைச்சுரம் இறக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ஐந்து அரைச்சுரம் இறங்க வேண்டும். அங்கேதான் சிக்கல். முதல் வால்வின் குழாய், வெறும் 18 அடிக்குப் பொருந்தும்படி வெட்டப்பட்டது, அதாவது அதில் ஏறக்குறைய 12 சதவீதம். மூன்றாவதை அழுத்தியதும் மொத்தக் குழாயே நீண்டுவிடுகிறது. அந்த நீண்ட குழாய்க்கு முதல் வால்வின் துண்டு போதாது. பி-பிளாட் டியூபாவில் இந்தப் பற்றாக்குறை சுமார் 13 சென்டிமீட்டர். மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 23 சென்டிமீட்டருக்கு மேல் போய்விடும். காதுக்கு அது அரைச்சுரத்தில் பாதி ஏறி ஒலிக்கும். வயலின் பக்கத்தில் இருந்தால் வயலின்காரர் திரும்பிப் பார்ப்பார்.

நான்காவது வால்வு ஒன்றும் மூன்றும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையைச் சரியான நீளத்தில் தனியாகச் செய்கிறது. மூன்று வால்வில் எட்டாத கீழ்ஸ்தாயிச் சுரங்களையும் திறந்துவிடுகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு மூன்று வால்வு போதும். சொந்தக் காசில் வாங்கும் பெரியவர் நான்குக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

காம்பன்சேட்டிங் டியூபா என்கிறார்களே, அது என்ன?

மேலே சொன்ன பற்றாக்குறைக்கு 1870களில் டேவிட் பிளேக்லி என்பவர் லண்டனில் காப்புரிமை வாங்கிய மருந்து. நான்காவது வால்வை அழுத்தும்போது காற்று மற்ற மூன்று வால்வுகளின் வழியாக இன்னொரு முறை சுற்றி வருகிறது. அந்த இரண்டாம் சுற்றில் இருக்கும் சின்னத் துண்டுக் குழாய்கள் குறைந்த நீளத்தை ஈடுகட்டும். வாசிப்பவர் கையால் எதையும் இழுக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் ஈ-பிளாட் டியூபாக்கள் பெரும்பாலும் இப்படித்தான்.

இதற்கும் விலை உண்டு. எடை கூடுகிறது, அடிச்சுரங்களில் காற்று கொஞ்சம் அடைபட்டதுபோல் இருக்கும். ஜெர்மனியும் அமெரிக்காவும் வேறு வழியில் போயின. ஐந்தாவது வால்வு, எஃப் டியூபாவில் பல நேரம் ஆறாவதும். அதோடு இடது கையால் ஸ்லைடை, அதாவது நீட்டிக் குறைக்கும் குழாயை, இழுத்துக்கொண்டே வாசிப்பது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பழகிவிட்டால் சுருதி முழுக்க உங்கள் கையில்.

ரோட்டரி வால்வா, பிஸ்டனா?

ரோட்டரி வால்வு சுழலும், பிஸ்டன் மேலும் கீழும் நகரும். ரோட்டரியில் விரல் கொஞ்சம் நகர்ந்தால் போதும், சுரம் மாறிவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வது மென்மையாக இருக்கும். ஆனால் இணைப்புகள் தேய்ந்தால் டக்டக்கென்று சத்தம் போடும், கழற்றிச் சுத்தம் செய்ய ரிப்பேர்காரரிடம்தான் போக வேண்டும். 1839-இல் பாரிசில் பெரினே உருவாக்கிய பிஸ்டன் வகையை நீங்களே வீட்டில் கழற்றலாம், கழுவலாம், எண்ணெய் விட்டுத் திரும்ப மாட்டலாம். ரிப்பேர்காரர் எட்டாத ஊரில் இருப்பவர் பிஸ்டன் வாங்குவதே நல்லது. சத்தத்தில் வித்தியாசம் என்று பேசுவார்கள். அது பெரும்பாலும் வால்வால் வருவதில்லை, அதைச் சுற்றியிருக்கும் குழாயின் வடிவத்தால் வருவது.

3/4, 4/4, 6/4 என்று எழுதியிருக்கிறதே?

வயலினில் இந்த எண்களுக்கு ஓரளவு பொருள் உண்டு. டியூபாவில் இதற்கு எந்தப் பொது அளவுகோலும் கிடையாது. ஒரு கம்பெனியின் 5/4 இன்னொரு கம்பெனியின் 4/4 ஆக இருக்கலாம். குழாயின் நீளம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். உடம்பின் பருமனும், பெல் எனும் விரிந்த வாயின் அகலமும்தான் மாறும்.

6/4 மீதான மோகத்துக்கு ஒரு கதை இருக்கிறது. 1930களில் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி ஆர்கன்போல ஒலிக்கும் டியூபா வேண்டும் என்று கேட்க, மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸில் இருந்த யார்க் கம்பெனி பிரம்மாண்டமான சி டியூபாக்கள் இரண்டைச் செய்துகொடுத்தது. அதில் ஒன்றை ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் என்ற மாணவர் 175 டாலருக்கு வாங்கினார். அவர் 1944 முதல் 1988 வரை சிகாகோ சிம்பொனியில் வாசித்தார். அந்த டியூபாவின் சத்தத்தைப் பதிவுகளில் கேட்டு வளர்ந்த தலைமுறை முழுவதும் அதுபோல ஒன்று வேண்டும் என்று அலைந்தது. யார்க் கம்பெனி போய்விட்டது. சுவிட்சர்லாந்தின் ஹிர்ஸ்ப்ரன்னர், யமஹா, ஈஸ்ட்மன், வெசெக்ஸ் என்று பலர் அதன் நகலைச் செய்தார்கள். இன்றைய 6/4 பிஸ்டன் டியூபாக்களில் நிறைய அந்த ஒரு ஜாடைதான்.

ஆனால் சிகாகோவின் அரங்கத்துக்கும் பின்னால் உட்கார்ந்த பிராஸ் வரிசைக்கும் பொருந்திய டியூபா அது. முப்பது பேர் இருக்கும் ஊர் பேண்டில் 6/4 எல்லாரையும் மூடிவிடும். சின்ன அறையில் எந்தச் சுரம் என்றே தெரியாத முழக்கம்தான் மிஞ்சும். எனக்குத் தெரிந்து 6/4 வாங்கி வருத்தப்படுகிறவர்கள் உண்டு. நல்ல 4/4 வாங்கி வருத்தப்பட்டவர்களை நான் பார்த்ததில்லை.

ஜெர்மன் கம்பெனிகளுக்குள் என்ன வித்தியாசம்?

இவற்றில் பலவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இன்றைய செக் நாட்டு எல்லையில் உள்ள கிராஸ்லிட்ஸும், இந்தப் பக்கம் சாக்சனியின் மார்க்நொய்கிர்ஷனும் கருவி செய்பவர்களின் ஊர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிராஸ்லிட்ஸ் பகுதி ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பவேரியாவுக்கு வந்தவர்கள், பழைய வெடிமருந்து ஆலைகள் இருந்த இடத்தில் புதிதாக எழுந்த ஊர்களில் பட்டறை போட்டார்கள். வால்ட்கிரைபுர்க்கில் 1946-இல் கூட்டுறவாகத் தொடங்கியது மிராஃபோன். கெரெட்ஸ்ரீட்டில் வேர்விட்டது மெல்டன். அமெரிக்கர்கள் அதை மைன்ல் வெஸ்டன் என்ற பெயரில் அறிவார்கள்.

மிராஃபோன் 186 மாடல் அமெரிக்கப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நிறைந்திருந்தது. நான்கு ரோட்டரி வால்வு, தெளிவான சத்தம், பழையதாக வாங்கினாலும் பாகங்கள் கிடைக்கும். இரண்டாம் கையாக ரோட்டரி வாங்க வருகிறவரை நான் முதலில் அனுப்புவது அந்தப் பக்கம்தான். மைன்ல் வெஸ்டன் ரோட்டரியும் செய்கிறது, பெரிய பிஸ்டன் சி டியூபாக்களும் செய்கிறது. அதன் பட்டியல் மிகவும் பரந்தது. மார்க்நொய்கிர்ஷனின் பி அண்ட் எஸ், கிழக்கு ஜெர்மனி காலத்திலிருந்தே எஃப் டியூபாவுக்குப் பெயர் வாங்கியது. மைன்ஸ் நகரின் அலெக்சாண்டர் 1782-இலிருந்து இருக்கும் பட்டறை. அதன் 163 மாடலின் சத்தத்தில் ஒரு மினுக்கு உண்டு. சுருதி விஷயத்தில் கொஞ்சம் பிடிவாதக் கருவி என்றும் சொல்வார்கள். அதற்குப் பழகிக்கொள்கிறவர்கள் விடுவதே இல்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஹ்ராடெட்ஸ் க்ராலோவேயில் 1842-இல் தொடங்கிய செர்வெனி. ஜெர்மன் பாணிச் சத்தம், ஜெர்மன் விலை இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மெல்டன் மைன்ல் வெஸ்டன், பி அண்ட் எஸ், பிரிட்டனில் பிறந்த பெஸன் ஆகிய மூன்றும் இன்று பஃபே க்ராம்போன் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கையில். எது உசத்தி என்று இவற்றுக்காகச் சண்டை போடுகிறவர்கள் ஒரே முதலாளிக்காகத்தான் போடுகிறார்கள்.

யமஹா எப்படி?

ஆச்சரியம் எதுவும் தராத கம்பெனி. டியூபா உலகில் அது பாராட்டு. பிள்ளைகளுக்கு ஏற்ற சின்ன மூன்று வால்வு பி-பிளாட் முதல், காம்பன்சேட்டிங் ஈ-பிளாட் 632, யார்க்கின் நகலான சி டியூபா 826 வரை எல்லாம் உண்டு. பத்து யமஹா எடுத்து ஊதினால் பத்தும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும். ஊதிப் பார்க்காமல் வாங்கியே ஆக வேண்டிய இடத்தில் இருப்பவர்களுக்கு யமஹாதான் பத்திரம்.

பெஸன்?

பிராஸ் பேண்டில் வாசிக்கிறீர்கள் என்றால் கூட இருப்பவர்களிடம் அதுதான் இருக்கும். சத்தம் சேர்ந்துபோக அதையே வாங்குவது எளிது. ஈ-பிளாட்டில் 981 புகழ்பெற்றது, 19 அங்குல பெல்.

பழைய பிரிட்டிஷ் டியூபாவை மலிவாகப் பார்த்தால் ஒன்றைக் கவனியுங்கள். பிரிட்டிஷ் பிராஸ் பேண்டுகள் 1960கள் வரை உயர்ந்த சுருதியில், அதாவது ஏ சுரம் வினாடிக்கு 452 அதிர்வு என்ற கணக்கில் வாசித்தன. அந்தக் காலத்து டியூபா இன்றைய 440-ஐவிட அரைச்சுரத்தில் பாதி ஏறி இருக்கும். குழாயை நீட்டிச் சரிசெய்திருக்கிறார்களா என்று பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள். 1920களுக்கு முந்தைய அமெரிக்கக் கருவிகளிலும் இதே வம்பு உண்டு.

கான், கிங், ஹோல்டன் போன்ற அமெரிக்கக் கம்பெனிகள்?

பழையவற்றில் அருமையானவை உண்டு. கான் 20ஜே போன்ற முன்பக்கம் பார்க்கும் பெல் வைத்த டியூபாக்களின் சத்தத்துக்கு இன்னும் ரசிகர்கள் இருக்கிறார்கள். புதிதாக வாங்குகிறவருக்கு கிங் 2341 உறுதியான பி-பிளாட். அவ்வளவுதான் சொல்லத் தோன்றுகிறது.

சீனாவில் செய்தவற்றை வாங்கலாமா?

பதினைந்து வருஷத்துக்கு முன் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. பிரிட்டனைச் சேர்ந்த வெசெக்ஸ் சீனாவில் செய்யவைத்து, சோதித்து, தன் பெயரில் விற்கிறது. ஈஸ்ட்மனும் நல்ல நிலைக்கு வந்துவிட்டது. யாரும் பொறுப்பேற்காத, பெல்லில் பெயரே இல்லாத டியூபாதான் சூதாட்டம். வால்வு உலோகம் மென்மையாக இருந்து சீக்கிரம் தேயலாம், பற்றவைத்த இடம் விடலாம். விற்பவர் பழுது பார்த்துத் தருவாரா, பாகம் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதில் இழுத்தால் நகர்ந்துவிடுங்கள்.

இந்தியாவில் செய்வது கிடைக்காதா?

உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில், ஜாலி கோட்டி பகுதியில், நூறு வருஷத்துக்கு மேலாகப் பித்தளை வாத்தியங்கள் செய்கிறார்கள். நாட்டின் கல்யாண பேண்டுகளில் பாதிக்கு மேல் அங்கிருந்து வாங்கியிருக்கும் என்று தோன்றும். சூசஃபோனும், டியூபாவின் சின்னத் தம்பியான யூஃபோனியமும் அங்கே உண்டு. தெருவில் நடந்துகொண்டே வாசிக்க அது சரி. விண்ட் பேண்டில் சுருதி சேர்த்து உட்கார்ந்து வாசிக்க என்றால், சுருதி காட்டும் டியூனரோடு நேரில் போய்ச் சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

சூசஃபோனும் டியூபாவும் ஒன்றா?

உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு நடக்கும்படி வளைத்த பி-பிளாட் டியூபா. 1890களில் அமெரிக்க பேண்டு நடத்துநர் ஜான் ஃபிலிப் சூசாவின் பேண்டுக்காகப் பிறந்தது. அணிவகுப்புக்கு வாங்குங்கள், அரங்கத்துக்கு வேண்டாம்.

என் மகளுக்கு வயது பதினொன்று, ஒல்லி உடம்பு. டியூபா ஒத்துவருமா?

தாராளமாக. பெரிய நுரையீரல் வேண்டும் என்பது பாதி உண்மைதான். மேலே சொன்ன ஜேக்கப்ஸுக்கே ஆஸ்துமா உண்டு, பிற்காலத்தில் அவர் மூச்சுக் கொள்ளளவு மிகவும் குறைந்திருந்தது. மூச்சை எங்கே எடுப்பது என்று தெரிந்திருந்தால் போதும். உண்மையான தடை எடையும் உயரமும்தான். 3/4 பி-பிளாட்டோ சின்ன ஈ-பிளாட்டோ எடுத்து, ஸ்டாண்டில் வைத்து வாசிக்கட்டும். ஊதும் முனையான மவுத்பீஸ் அவள் உதட்டுக்கு வர வேண்டும், அவள் கழுத்தை நீட்டி மவுத்பீஸிடம் போகக் கூடாது.

கடையில் எப்படிச் சோதிப்பது?

உங்கள் மவுத்பீஸைக் கொண்டுபோங்கள். பத்து நிமிஷம் ஊதிக் கருவி சூடான பிறகுதான் சோதனை. டியூனரை நேராகப் பார்த்துக்கொண்டே வாசிக்காதீர்கள், உதடு தானாகவே முள்ளுக்கேற்பத் திருத்திவிடும். கண்ணை மூடிக்கொண்டு சுரத்தை நிலையாகப் பிடியுங்கள், கூட வந்தவர் டியூனரைப் பார்த்து எழுதட்டும். வால்வு அழுத்தாத சுரங்களை முதலில் பாருங்கள். வால்வு இல்லாமல் உதட்டால் மட்டும் ஏறும் அந்தச் சுர வரிசையில் ஐந்தாவது சுரம் இயற்கையாகவே இறங்கித்தான் இருக்கும். எவ்வளவு, அதை உதட்டாலோ வேறு விரலாலோ சரிசெய்ய முடிகிறதா என்பதே கேள்வி. பிறகு ஒன்று-இரண்டு, ஒன்று-மூன்று, நான்கு, இரண்டு-நான்கு என்று வால்வுகளை அழுத்திப் பாருங்கள்.

பிஸ்டன் டியூபாவில் வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடை உருவிவிட்டு, பிறகு அழுத்துங்கள். பொக்கென்று சத்தம் வந்தால் வால்வு இறுக்கமாக இருக்கிறது. வராவிட்டால் தேய்ந்துவிட்டது. பழையதில், மவுத்பீஸ் சொருகும் முதல் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோவதன் அடையாளம் அது. அடிவளைவில் ஒடுக்கு இருந்தால் பயப்பட வேண்டாம், தட்டி எடுத்துவிடலாம். வால்வுப் பெட்டியில் ஒடுக்கு என்றால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, வேறொருவரை வாசிக்கச் சொல்லி அறையின் அந்தக் கோடியில் நின்று கேளுங்கள். வாசிப்பவர் காதில் மந்தமாக இருக்கும் டியூபா தூரத்தில் தெளிவாகக் கேட்கும். அதற்கு நேர்மாறாகவும் நடக்கும்.

வெள்ளி முலாமா, வார்னிஷ் போன்ற லாக்கர் பூச்சா?

கையில் எவ்வளவு காசு, துடைக்க எவ்வளவு பொறுமை என்பதைப் பொறுத்தது. சத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்பது என் கட்சி.

மவுத்பீஸ்?

டியூபாவோடு இலவசமாக வருவதோடு நின்றுவிடாதீர்கள். கிண்ண அகலம் 32 முதல் 33 மில்லிமீட்டர் வரை இருப்பது பெரும்பாலோருக்கு ஒத்துவரும். சூசா பேண்டில் வாசித்த ஆகஸ்ட் ஹெல்பெர்க்கின் பெயரில் கான் விற்கும் ஆழமான புனல் வடிவ மவுத்பீஸ் இன்றும் பலர் தொடங்கும் இடம். வாங்கும் முன், டியூபாவுக்குள் சொருகும் அடிக்குழலின் பருமனைக் கேளுங்கள். அமெரிக்க அளவு, ஐரோப்பிய அளவு என்று வேறுபடும். பொருந்தாத மவுத்பீஸ் நல்ல டியூபாவின் சுருதியையும் கெடுத்துவிடும்.

இரண்டாவது டியூபா எப்போது வாங்கலாம்?

கையிலிருப்பது தர மறுக்கும் சுரங்களை உங்கள் குழு அடிக்கடி கேட்கத் தொடங்கும்போது. பி-பிளாட் வைத்திருப்பவர், ஆங்கில இசையமைப்பாளர் வான் வில்லியம்ஸ் 1954-இல் எழுதிய டியூபா கன்சர்ட்டோவை எடுத்தால் எஃப் அல்லது ஈ-பிளாட்டைத் தேடுவார். முசோர்க்ஸ்கியின் பியானோ இசையை ராவெல் 1922-இல் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது மாட்டுவண்டிப் பகுதியில் வைத்த டியூபா சோலோவோ, அக்காலப் பிரெஞ்சுச் சின்ன சி டியூபாவை நினைத்து எழுதியது. அதற்குப் பலர் யூஃபோனியத்தையே எடுத்துவிடுகிறார்கள். ஒரே ஒரு கச்சேரிக்காக என்றால் வாங்க வேண்டாம், பக்கத்து பேண்டில் இரவல் கேளுங்கள். டியூபாக்காரர்கள் கொடுத்துவிடுவார்கள், பெட்டியை நீங்கள்தான் தூக்க வேண்டும்.